புதூரை விட்டுப் போன மேல்சத்தம்

ஒட்டங்காட்டுப்புதூரை விட்டு மேல்சத்தங்கள் எல்லாம் புறப்பட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு. மாதேஸ்வரனின் விசைத்தறிப் பட்டறையில் ரங்கு என்கிற ரங்கநாயகியின் கூந்தல் மோட்டார் பெல்ட்டில் சிக்கி, அவள் இரண்டு தடவை அலறி, அந்த இரண்டாவது அலறல் சிமெண்ட் ஷீட் கூரையைத் தாண்டி மேலே போனபோது, ஊரில் அந்த நேரத்தில் உயரத்தில் ஒலித்துக்கொண்டிருந்த அத்தனையும், சைக்கிள் மணியும், குக்கர் விசிலும், கொலுசும், குருவியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கூச்சலும், கல்யாணமான பெண்கள் ஆகாத பெண்கள் எல்லோருடைய குரலும், அதன் பின்னாலேயே வரிசையாகப் போய்விட்டன. கீழ்ச்சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. தறி அடித்தது, லாரி உறுமியது, ஆண்கள் இருமினார்கள்.

சாந்தாமணிக்கு அந்த அலறல் காதில் விழவில்லை. அவள் பட்டறையின் மறுகோடியில், இருபத்துநாலு தறிகளின் இரைச்சலுக்கு அப்பால் நின்றிருந்தாள். ஆனால் அவள் பார்த்தாள். தறியில் நிற்கும் பெண்களுக்கு வாயைப் பார்த்தே பேச்சைப் படிக்கத் தெரியும்; அந்த இரைச்சலில் வேறு வழியில்லாததால் பத்துப் பதினைந்து வருஷமாக மாமியார் குறையும், மளிகைக் குறையும், ஒருத்திக்கு ஒருத்தி உதட்டாலும் விரலாலும்தான் சொல்லிக்கொள்கிறார்கள். எனவே ரங்குவின் வாய் திறந்திருந்த அளவைப் பார்த்ததும் சாந்தாமணி ஓடினாள், மெயின் சுவிட்சை இறக்கினாள். அதற்குள் கூந்தலோடு உச்சந்தலைத் தோலும் போயிருந்தது. ரங்குவின் தறிக்கு இரண்டு கை தூரத்தில் அடுத்த தறியில் நின்றிருந்தவன் சாந்தாமணியின் கணவன் சம்பத்து. அவன் கழுத்தில் மாட்டும் புளூடூத் இயர்போன் போட்டிருந்தான். "பாட்டுல ஒண்ணும் கேக்கல புள்ள" என்று சொன்னான். ஆம்புலன்ஸ் சைரன் இல்லாமல், சிவப்பு விளக்கை மட்டும் சுழற்றிக்கொண்டு வந்தது.

மேல்சத்தம் போனதை ஊர் எப்போது கவனித்தது என்று கேட்டால் சொல்லவே வாய் கூசுகிறது. அன்று மத்தியானமே பெண்கள் கவனித்துவிட்டார்கள். ஆண்கள் கவனிக்க ஐந்து நாள் ஆனது. ஐந்து நாளும் அவரவர் வீட்டில் பெண்டாட்டி வாயைத் திறந்து மூடினாள், ஒரு சொல் வெளியே வரவில்லை, எதிரே உட்கார்ந்து சோறு தின்றவன் "ம்" என்றான், "பாக்கலாம்" என்றான், "அதுக்கென்ன இப்ப" என்றான், எழுந்து கை கழுவிக்கொண்டு போனான். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விசில் கேட்காமல் ஊர் முழுக்கக் கறிக்குழம்பு அடிப்பிடித்தது. அப்போதுதான் ஆண்கள் தெருவுக்கு வந்து, என்னமோ குறைகிறதே என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. டவுன் பஸ் கண்டக்டர் விசிலைத் தூக்கிப் பைக்குள் போட்டுவிட்டு பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார். கோயில் மணி கட்டையால் அடித்ததுபோல் ஒலித்தது, பூசாரி அதற்கும் தீபம் காட்டினார். கொசு பாடாமல் வந்து கடித்தது. தாய்மார்கள் தொட்டில் கயிற்றின் மறுமுனையைத் தங்கள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள், பிள்ளை அழுதால் கயிறு இழுக்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் பேசாமல் கரும்பலகையில் எழுதினார்கள். பரீட்சையில் மார்க் குறையவில்லை என்று தலைமையாசிரியர் பெருமையாகச் சொன்னார். இதில் ஆண்களுக்கு நஷ்டம் என்று எதையும் சொல்வதற்கில்லை. ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்து, "ஊடு இப்பத்தான் ஊடு மாதர இருக்குது" என்று சொன்னார், கடையே சிரித்தது. சாந்தாமணி அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். சிரித்த வாய்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேறு கவலை இருந்தது. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் தலைக்கட்டோடு படுத்திருந்த ரங்குவுக்கு எழுதத் தெரியாது, அதனால் போனில் குரலைப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். பதினொரு பதிவு வந்திருந்தது. எதைப் போட்டாலும் ஆஸ்பத்திரி மின்விசிறி சுற்றுவதும், கட்டில் நகர்வதும், எவரோ ஓர் ஆள் கனைப்பதும்தான் கேட்டன. பதிவுக்கு வாய் கிடையாது, உதட்டைப் பார்த்துப் படிக்க. சம்பத்துவின் இயர்போனை மாட்டிப் பார்த்தாள். மின்விசிறி இன்னும் பெரிதாகச் சுற்றியது. என்ன சொல்ல இப்படி விடாமல் அனுப்புகிறாள் என்று சாந்தாமணி ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ரங்குவின் தறியில் மறுநாளே மோகனா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் மாதேஸ்வரன். அந்தப் பெண்ணுக்கு இடுப்புவரை சடை. பெல்ட்டுக்கு இன்னும் மூடி போடவில்லை.

மூடி என்பது இரண்டு முழம் இரும்புத் தகடு. வளைத்து நாலு போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது. பெண்கள் அதை மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுவாரம் புதன்கிழமை அவள் பஸ் ஸ்டாண்டு எதிரில் நாசர் பாயின் கடைக்குப் போனாள். நாசர் ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டி, எங்கே நின்றாலும் பேச்சு புரியும்படி திருகிவைப்பார். குழந்தை தூங்கும் வீட்டுப் பக்கம் குழாயைத் திருப்பமாட்டார். ஊரோ அதிர அதிர வேண்டும் என்று கேட்டதால் அந்தத் தொழிலை வெறுத்து விட்டுவிட்டு, இந்தப் பெட்டிக்கடையில் அதிர அதிர இயர்போன் விற்றார். நாளெல்லாம் தறி இடிக்கும் காதுக்கு அதைவிடப் பெரிய இடி கொடுத்தால்தான் பாட்டு என்று தெரிகிறது என்பது புதூர் ஆண்களின் கணக்கு. கடைக்கு வருகிறவன் எவனும் பாட்டைக் கேட்டு வாங்குவதில்லை. மாட்டிக்கொண்டு, உள்ளங்கையை நெஞ்சில் வைத்துப் பார்ப்பான், நெஞ்சு அதிர்ந்தால் காசைக் கொடுப்பான்.

சாந்தாமணி பேசினால் கேட்காது என்பதால் போனை நீட்டி, காதைக் காட்டி, அழுவதுபோல் கண்ணைத் துடைத்துக் காட்டினாள். நாசருக்குப் புரிந்தது. கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிவிட்டார். முந்நூறு ரூபாய்க்காரனில் மின்விசிறி. அறுநூறு ரூபாய்க்காரனில் பெரிய மின்விசிறி. இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு, பெட்டியைத் திறந்தாலே விளக்கெரியும் ஒன்று இருந்தது. அதில் ஆஸ்பத்திரிக் கட்டிடமே தலைமேல் இடிந்து விழுவதுபோல் இருந்தது.

"வெலைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்ல தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, நாசர் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டில் தூசி படிந்த ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். கறுப்பு ஒயர் வைத்த, பார்வைக்கு ஒன்றுமில்லாத இயர்போன். நானூற்றெண்பது ரூபாய். "ரெண்டு வருசமாக் கெடக்குது. ஒருத்தன் கூட வாங்கல. அதிரவே மாட்டேங்குதுன்னு திருப்பிக் குடுத்துட்டானுக. இது எதையும் கூட்டாது, எதையும் கொறைக்காது. பாடறவங்க எதுக்க உக்காந்து பாடற மாதிரி இருக்கும். இதுதான் நல்ல ஐட்டம்னு நாஞ் சொன்னா எவன் கேக்கறான்?"

காதுக்குள் செருகும் ரப்பர் பூவில் சிறிசு, நடு, பெரிசு என்று மூன்று இருந்தன. சிறிசை அவள் காதுக்கு வைத்துப் பார்த்தார், தளர்ந்தது. நடுவை வைத்து, காது மடலை மேலே இழுத்துச் செருகச் சொன்னார். ஒயரைக் காதுக்குப் பின்னால் சுற்றிவிட்டார். "சத்தத்தக் கொறைச்சு வெச்சுக் கேளு. நல்லதா இருந்தா கொறைச்சாலும் புரியும்."

மின்விசிறி தூரத்தில், அது இருக்க வேண்டிய இடத்தில் சுற்றியது. கட்டில் சக்கரம் கீச்சிட்டது. ஒன்பது நாளில் அவள் கேட்ட முதல் கீச்சு அது. அப்புறம், மூச்சு வாங்குவது முதற்கொண்டு, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதுபோல் ரங்கு வந்தாள்.

"சாந்தா, என்ற தறிக்கு யாரப் போட்டிருக்காங்க? யாரா இருந்தாலும் சடையத் துண்டுல கட்டிக்கச் சொல்லு. அந்த பெல்ட்டுக்கு மூடி போடச் சொல்லு. நீ போய் சொல்லு. நாஞ் சொன்னா கேக்க மாட்டாங்க."

பதினொரு பதிவிலும் அதையேதான் சொல்லியிருந்தாள். சாந்தாமணி பெட்டிக்கடை முன்னால் வெயிலில் நின்று பதினொன்றையும் கேட்டாள். நாசர் காசு வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பி, சும்மா இருந்த கண்ணாடியைத் துடைத்தார்.

அந்த இயர்போனில் பதிவு மட்டுமல்ல, போனில் நேராகப் பேசும் பெண்குரலும் கேட்கிறது என்பது இரண்டே நாளில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நாசர் கோயமுத்தூருக்குச் சொல்லி நாலு பெட்டி வரவழைத்தார். ஆண்கள் வந்தார்கள். விருப்பப்பட்டு வந்தவர்கள் கொஞ்சம், வீட்டுப் பெண்கள் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்துகொண்டதால் வந்தவர்கள் மீதி. வந்தவர்கள் பேசிய பேச்சைக் கேட்க வேண்டும். "உள்ளது உள்ளபடி கேக்கறதுக்கு நா எதுக்குங்க காசு குடுக்கோணும்?" என்று ஒருவர் சண்டை பிடித்தார். காது குத்துகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார் ஒருவர். நல்ல சங்கதி மட்டும் கேட்கும்படி ஒன்று இருக்கிறதா என்று ஒருவர் குரலைத் தாழ்த்தி விசாரித்தார். பெண்டாட்டி குரலுக்குக் கொஞ்சம் பேஸ் என்கிற அதிர்வை ஏற்றித் தர முடியுமா என்று கேட்ட ஆளை நாசர் கடையை விட்டே இறக்கிவிட்டார்.

அதற்கும் ஒரு பழக்கம் வந்தது. ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, மனைவி ஒரு போனில் பேச, கணவன் மற்றொரு போனில் இயர்போன் மாட்டிக் கேட்டான். பெரும்பாலோர் ஒற்றைக் காதில்தான் மாட்டினார்கள். மறுகாதில் வழக்கமான இடி ஓடியது. சம்பத்துவும் அப்படித்தான் வைத்துக்கொண்டான். சாந்தாமணி எழுந்துபோய் அந்த மறுகாதிலிருந்ததைப் பிடுங்கி முறத்தில் எறிந்தாள்.

அவள் ரங்கு சொன்னதை விடவில்லை. பட்டறையில் இருபது பெண்கள் சேர்ந்து, தறியுரிமையாளர் சங்கத்தில் பேச நேரம் கேட்டார்கள். சங்கத்தார் கூடிக் கூடிப் பேசி, நாகரிகமாக நடந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்து, நாசரிடம் பன்னிரண்டு இயர்போன் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சங்கக் கட்டிடத்தில் மேசைமேல் வெள்ளை விரிப்பு விரித்து, பன்னிரண்டு முதலாளிகளும் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு ஒயரும் ஒரு பெட்டிக்குப் போய், அங்கிருந்து சாந்தாமணியின் கையிலிருந்த மைக்குக்குப் போயின. நாசர் திருகினார். தலைவர் மாதேஸ்வரன், பேசும்மா என்று கையைக் காட்டினார்.

சாந்தாமணி பேசினாள். ரங்குவின் தலையில் இனி முடி முளைக்காது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். மூன்று வருஷத்தில் எத்தனை தடவை, எந்தெந்த நாளில், யார் யார் மூடி கேட்டார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னாள். மோகனா தினமும் சடையைத் துண்டில் கட்டி, அதன்மேல் இன்னொரு துண்டு கட்டி, பயந்து பயந்து குனிகிறாள் என்று சொன்னாள். "நாங்க வேற ஒண்ணும் கேக்கலீங்க. பெல்ட்டுக்கு மூடி போடுங்க. நாளைக்கே போடுங்க" என்று சொல்லி முடித்தபோது அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது.

பிறகு மாதேஸ்வரன் முகம் மலர்ந்து நாசர் பக்கம் திரும்பினார்.

"பாய், அருமையான ஐட்டம்யா! அந்தம்மா எச்சி முழுங்கறதுகூடக் கேக்குது!"

"கொரலு நடுவுல நிக்குதுங்க" என்றார் பக்கத்திலிருந்தவர். "காத உறுத்தவே இல்ல. நானூத்தியெம்பதுக்கு இது சும்மா."

"நா மொதல்ல பேஸ் பத்தாதுன்னு நெனச்சனுங்க. கேக்கக் கேக்கத்தான் அதோட அரும தெரியுது."

மகள் வீட்டுக்கு இரண்டு எடுத்து வைக்கச் சொன்னார் ஒருவர். இன்னொருவர் கழற்றி ரப்பர் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாந்தாமணி மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். நாசர் எழுந்து, "சத்தத்தப் பாக்கச் சொல்லலீங்க, அந்தப் புள்ள சொன்னதக் கேளுங்க" என்று கத்தினார். கட்டைக்குரல் ஆகையால் அது எல்லோருக்கும் கேட்டது. மாதேஸ்வரன் தொண்டையைச் செருமி, "தீர்மானம் போட்டு ஒரு பத்து நாள்ல பாக்கலாம்" என்றார். நாசர் பன்னிரண்டு பேர் காதிலிருந்தும் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணி சம்பத்துவை உட்காரவைத்து, இரண்டு காதிலும் இயர்போனைத் தன் கையாலேயே செருகி, எதிரிலேயே நின்று போனில் பேசினாள். ஊரே அந்தப் பன்னிரண்டு பேரைத் திட்டிக்கொண்டிருந்த மத்தியானம். அவளுக்கு இவனிடம் மட்டும் ஒன்று கேட்க இருந்தது.

"அன்னிக்கு ரங்கு கத்துனது ஒனக்கு நெசமாலுமே கேக்கலையா?"

சம்பத்து தரையைப் பார்த்தான். அவன் கெட்டவன் அல்ல. குடிப்பதில்லை, கைநீட்டியதில்லை, மகளுக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடிய விழித்திருப்பான். அதனால்தான் அவள் அவனை நம்பியிருந்தாள்.

"கேட்டுச்சு" என்றான்.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ரெண்டாந்தரமும் கேட்டுச்சு புள்ள. தறிய நிறுத்துனா துணியில கோடு விழுந்துரும், மொதலாளி வைவாரு. வேற யாராச்சும் போவாங்கன்னு நெனச்சேன்."

"பாட்டு?"

"பாட்டு ஓடல. ஹெட்செட்டுல சார்ஜே இல்ல. சும்மாதான் மாட்டியிருந்தேன்."

இரண்டு கை தூரம். அவள் ஓடிவந்தது இருபத்துநாலு தறி தூரம். ஒரே ஊரில், ஒரே பாயில், இந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் பதினாறு வருஷம் படுத்திருந்திருக்கிறாள். போனை வைத்தாள். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே வீடு வீடாகப் போய், சத்தமில்லாத உதட்டால், பெண்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை எட்டு மணி ஷிப்டுக்கு வந்த ஆண்கள் தறியை ஓட்டப் பார்த்தார்கள், மோட்டார் மட்டும் சுற்றியது. இருபத்துநாலு பெல்ட்டும் இல்லை. பெண்கள் பட்டறை வாசலில், வேப்பமரத்து நிழலைக்கூட விட்டுத் தள்ளி, நடுவழியில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டாக மடியில் பெல்ட். மோகனா தலையில் துண்டில்லை. சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்தடுத்த பட்டறைகளிலும் தறிச்சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அங்கேயும் அதே வேலை நடந்தது.

மாதேஸ்வரன் பைக்கை விட்டிறங்கி விறுவிறு என்று வந்தார். சாந்தாமணி எழுந்திருக்கவில்லை. கையில் போன் இல்லை, மைக் இல்லை. பக்கத்தில் இருப்பவளிடம் பேசுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"மூடி போட்டாத்தான் பெல்ட்டுங்க."

"பத்து நாள்ல பாக்கலாம்னு நேத்துதான சொன்னேன்? அதுக்குள்ள என்ன வந்துச்சு?"

பட்டென்று பதில் வந்துவிட்டது. பெண்கள் எல்லோரும் அவருடைய காதைப் பார்த்தார்கள். இடது காது, வலது காது. இரண்டிலும் இயர்போன் இல்லை.

சாந்தாமணி குரலை இன்னும் இறக்கினாள். தன் மடிக்கே கேட்குமோ கேட்காதோ என்கிற அளவுக்கு இறக்கிக் கேட்டாள்.

"ரங்கு தலைக்கு எத்தன நாளுங்க?"

மாதேஸ்வரன் வாயைத் திறந்து, மூடினார். அவர் முகம் போன போக்கிலேயே அதுவும் முழுசாகக் கேட்டுவிட்டது என்று தெரிந்தது. ஒரு பெண் காறித் துப்பினாள். அவர் தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, வெல்டிங் பட்டறைக்குப் போன் போட்டார்.

பத்தரைக்கு ஆட்டோவில் தகடு வந்தது. வெட்டி, வளைத்து, தறிக்கு நாலு போல்ட் வீதம் முடுக்கி முடிக்கச் சாயங்காலம் ஐந்து ஆயிற்று. அதுவரை ஒருத்தியும் மடியிலிருந்ததைக் கீழே வைக்கவில்லை. முதல் மூடி ரங்குவின் தறிக்குப் போட வேண்டும் என்று சொல்லி, போட்டதும் ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்தத் தறிக்கான பெல்ட்டை மோகனா எடுத்துக் கொடுத்தாள்.

சாந்தாமணி தன் மடியிலிருந்த இரண்டு பெல்ட்டோடு எழுந்து உள்ளே நடந்தாள். வாசல் பக்கத்தில் சம்பத்து நின்றிருந்தான். பெல்ட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டி, "சாந்தா" என்று கூப்பிட்டான். கட்டைக்குரல், அந்த ஊரைவிட்டு ஒருநாளும் போகாத குரல். அவளுக்கு நன்றாகக் கேட்டது. நடந்துகொண்டே இருந்தாள். இரண்டாந்தரமும் கூப்பிட்டான். இரண்டாந்தரமும் கேட்டது.